ஜன்னல் வழியே வந்த வானத்தின் குரல்

நட்சத்திரங்கள் பிறக்கும் வாயுவைக் கண்டுபிடித்த கதை

1951-ம் ஆண்டு மார்ச் மாதம் 25-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை. பொழுது விடியும் நேரம்.

அமெரிக்காவில் கேம்பிரிட்ஜ் என்று ஒரு நகரம். அங்கே ஹார்வர்டு பல்கலைக் கழகம் இருக்கிறது. அதன் விஞ்ஞானக் கூடம் ஒன்றின் மேல் மாடி ஜன்னலில், மரத்தால் செய்த பெரிய கூம்பு ஒன்று வானத்தைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நின்றது.

கூம்பிலிருந்து ஒரு கம்பி அறைக்குள் போனது. அறையில் ஒரு கருவி. கருவியில் ஒரு காகிதச் சுருள். சுருளின்மீது ஒரு முள் கோடு போட்டுக்கொண்டே இருந்தது.

திடீரென்று அந்தக் கோடு மேலே ஏறியது!

நட்சத்திரங்கள் எதிலிருந்து பிறக்கின்றனவோ, அந்த வாயு அனுப்பிய செய்தி அது. மனிதன் அதைப் பெற்றது அதுவே முதல் தடவை. அந்தக் கூம்பை வைத்தவர் ஹரால்டு யூவன் என்ற 29 வயது வாலிபர்.

அந்தச் செய்திக்காக வேறொரு தேசத்திலும் சிலர் பல ஆண்டுகளாகக் காத்திருந்தார்கள். அவர்களுக்கு யூவனும் அவருடைய ஆசிரியரும் என்ன செய்தார்கள் என்பதுதான் இந்தக் கதையில் முக்கியமானது.

வெறும் வெளி அல்ல!

இரவில் வானத்தைப் பார்க்கிறோம். நட்சத்திரங்கள் தெரிகின்றன. நட்சத்திரங்களுக்கு நடுவே என்ன இருக்கிறது?

"ஒன்றும் இல்லை, வெறும் இருட்டு" என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் அது சரியல்ல. அங்கே வாயு இருக்கிறது. மெல்லிய தூசியும் இருக்கிறது.

வாயுவில் பெரும்பகுதி ஹைட்ரஜன். நாம் குடிக்கும் தண்ணீரிலும் இந்த ஹைட்ரஜன்தான் கலந்திருக்கிறது. உலகத்தில் உள்ள அணுக்களிலேயே மிகவும் எளியது ஹைட்ரஜன் அணு.

வானத்து வாயு எவ்வளவு மெல்லியது தெரியுமா? ஒரு சுண்டைக்காய் அளவு இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டுக் காற்றில் அந்த அளவு இடத்துக்குள் ஏறக்குறைய இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. நட்சத்திரங்களுக்கு நடுவே அதே அளவு இடத்தில் சராசரியாக ஓர் அணு இருக்கலாம். அவ்வளவுதான்!

ஆனால் வானம் பெரிது. நமக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரத்திலிருந்து ஒளி வந்து சேரவே 4 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஒளி ஓர் ஆண்டில் சுமார் ஒன்பதரை லட்சம் கோடி கிலோ மீட்டர் ஓடும். இவ்வளவு பெரிய வெளியில், இடத்துக்கு ஓர் அணு என்று சேர்த்தாலும் கணக்கு எங்கேயோ போய்விடும். சூரியனைப் போன்ற பல நூறு கோடி சூரியன்களைச் செய்யும் அளவுக்கு நம்முடைய பால்வீதியில் வாயு நிறைந்திருக்கிறது.

குளிரில் பிறக்கும் நெருப்பு

இந்த வாயு எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை. சில இடங்களில் மேகம்போலத் திரண்டு கிடக்கிறது. அந்த மேகங்களில்தான் நட்சத்திரங்கள் பிறக்கின்றன.

நட்சத்திரம் என்பது கொதிக்கும் நெருப்புக் கோளம். ஆனால் அது பிறக்கும் இடமோ கடுங்குளிர்! பனிக்கட்டியின் குளிர் சைபர் டிகிரி. நட்சத்திரம் பிறக்கும் மேகத்தின் குளிர் சைபருக்குக் கீழே சுமார் 260 டிகிரி.

ஏன் குளிர் வேண்டும்?

எந்தப் பொருளும் தன்னிடம் உள்ளதைத் தன் நடுவை நோக்கி இழுக்கிறது. இது ஈர்ப்புச் சக்தி. மேகத்திலும் இந்தச் சக்தி வாயுவை உள்ளே இழுக்கிறது. ஆனால் வாயு சூடாக இருந்தால் அதன் அணுக்கள் தாறுமாறாக ஓடும், வெளியே தள்ளும். உலை கொதிக்கும்போது மூடியைத் தூக்குகிறதே, அதைப் போல. வாயு நன்றாகக் குளிர்ந்தால் அந்தத் தள்ளல் குறைந்துவிடும். அப்போது ஈர்ப்புச் சக்தி ஜெயிக்கும்.

மேகத்தின் ஒரு பகுதி உள்ளே சரிய ஆரம்பிக்கும். சரியச் சரிய நடுப்பகுதி நெருங்கும். நெருங்க நெருங்கச் சூடு ஏறும். நடுவில் சூடு ஒரு கோடி டிகிரியை எட்டும்போது ஹைட்ரஜன் அணுக்களின் கருக்கள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து ஹீலியமாக மாறத் தொடங்கும். அதிலிருந்து சக்தி பீறிடும். புதிய நட்சத்திரம் எரியும்!

சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரம் இப்படி உருவாகி நிலைபெறச் சில கோடி ஆண்டுகள் ஆகின்றன. நம் சூரியனும் ஏறக்குறைய 460 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்படித்தான் பிறந்தது.

பால்வீதியில் இன்றும் நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கின்றன. அப்படி ஓர் இடத்தை நீங்கள் வெறுங் கண்ணாலேயே பார்க்கலாம். மார்கழி, தை மாதங்களில் இரவு நேரத்தில் மூன்று நட்சத்திரங்கள் ஒரே வரிசையில் பளிச்சென்று நிற்கும். அவற்றுக்குத் தெற்கே மங்கலான சில நட்சத்திரங்கள் தெரியும். அவற்றின் நடுவில் புகைபோல ஒரு சிறு வெளிச்சம். அது ஒரு நட்சத்திரத் தொட்டில். அங்கிருந்து ஒளி வர சுமார் 1,300 ஆண்டுகள் ஆகின்றன. காஞ்சியில் பல்லவர் ஆண்ட காலத்தில் புறப்பட்ட ஒளிதான் இன்று உங்கள் கண்ணில் படுகிறது!

அந்த மேகம் கண்ணுக்குத் தெரியக் காரணம், பக்கத்திலேயே கொதிக்கும் நட்சத்திரங்கள் இருப்பதுதான். பெரும்பாலான வாயு இருட்டில் குளிர்ந்து கிடக்கிறது. அது ஒளி தருவதில்லை. போதாக்குறைக்குத் தூசி வேறு திரைபோட்டு மறைக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அதைக் கண்டுபிடிப்பது எப்படி?

யுத்த காலத்தில் ஒரு கேள்வி

விடை பிறந்தது ஹாலந்து தேசத்தில். அதுவும் யுத்தத்தின் நடுவில்!

1940-ம் ஆண்டு மே மாதம் ஹிட்லரின் படைகள் ஹாலந்தைப் பிடித்துக்கொண்டன. யூதப் பேராசிரியர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். லெய்டன் நகரப் பல்கலைக் கழகம் மூடப்பட்டது. யான் ஊர்ட் என்ற புகழ்பெற்ற வான நூல் நிபுணர் அங்கே பேராசிரியராக இருந்தார். அந்த அநியாயத்துக்கு உடன்படாமல் 1942-ல் அவர் வேலையை விட்டார். குடும்பத்தோடு ஒரு கிராமத்துக்குப் போய்விட்டார்.

அந்த நாளில் அமெரிக்காவிலிருந்து ஒரு விஞ்ஞானப் பத்திரிகை அவர் கைக்குக் கிடைத்தது. குரோட் ரீபர் என்ற ரேடியோ என்ஜினீயர் அதில் எழுதியிருந்தார். ரீபர் தம் சொந்தப் பணத்தில், தம் வீட்டுக் கொல்லையிலேயே பெரிய கிண்ணம்போன்ற ஒரு கருவியைக் கட்டியவர். வானத்திலிருந்து ரேடியோ அலைகள் வருவதை அதைக் கொண்டு அளந்திருந்தார்.

இதைப் படித்ததும் ஊர்ட்டுக்கு ஒரு யோசனை தோன்றியது.

சுவருக்கு அப்பால் நிற்பவரின் முகம் தெரியாது. ஆனால் அவர் பேசினால் குரல் கேட்கும் அல்லவா? அதேபோல, தூசித் திரைக்கு அப்பாலிருந்து ஒளி வராவிட்டாலும் ரேடியோ அலை வரும். வானத்து வாயு தனக்கென்று ஒரு ரேடியோ அலையை அனுப்புமா? அனுப்பினால் அதன் நீளம் என்ன?

இந்தக் கேள்வியை வான் டி ஹுல்ஸ்ட் என்ற மாணவரிடம் கொடுத்தார். கணக்குப் போட்டுப் பார்க்கச் சொன்னார். மாணவருக்கு வயது 25.

ஒரு சாண் அலை

1944-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி லெய்டனில் சில விஞ்ஞானிகள் கூடினார்கள். வெளியே அன்னியப் படை. உள்ளே அந்த மாணவர் எழுந்து தம் விடையைச் சொன்னார்.

ஹைட்ரஜன் அணுவில் இரண்டே துகள்கள். நடுவில் ஒரு புரோட்டான். அதைச் சுற்றி ஓர் எலெக்ட்ரான். இரண்டையும் இரண்டு பம்பரங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில அணுக்களில் இரண்டு பம்பரங்களும் ஒரே பக்கமாகச் சுற்றும். திடீரென்று ஒன்று புரண்டு எதிர்ப்பக்கமாகச் சுற்றத் தொடங்கும். அப்படிப் புரளும்போது அந்த அணு ஒரு மெல்லிய ரேடியோ அலையை வெளியிடும். அந்த அலையின் நீளம் 21 சென்டிமீட்டர்.

21 சென்டிமீட்டர் என்பது ஏறத்தாழ ஒரு சாண்!

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. தனியே விடப்பட்ட ஓர் அணு இப்படித் தானாகப் புரள, சராசரியாக ஒரு கோடியே பத்து லட்சம் ஆண்டுகள் ஆகும். அத்தனை காலம் யார் காத்திருப்பது?

காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு மாமரத்திலிருந்து வருஷத்துக்கு ஒரே ஓர் இலை விழுகிறது என்றால், அது விழுவதை யாரும் பார்க்க முடியாது. ஆனால் கோடிக் கணக்கான மரங்கள் உள்ள காட்டில் இலை விழுந்துகொண்டே இருக்கும். வானத்தில் அணுக்களுக்குக் குறைவே இல்லை. எல்லாம் சேர்ந்தால் அலை கேட்கலாம் என்று நம்ப இடம் இருந்தது. 1949-ல் ஷ்க்ளோவ்ஸ்கி என்ற ருஷிய விஞ்ஞானியும் கணக்குப் போட்டு, அந்த அலையைப் பிடிக்க முடியும் என்று எழுதினார்.

பட்டத்துக்குப் பிறகும் படிப்பு

1946-ல் வான் டி ஹுல்ஸ்ட் டாக்டர் பட்டம் பெற்றார். இது வைத்தியம் பார்க்கும் டாக்டர் பட்டம் அல்ல. ஒரு விஷயத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, புதிதாக ஒன்றைக் கண்டு சொல்பவருக்குப் பல்கலைக் கழகம் தரும் பட்டம்.

பட்டம் வாங்கியதோடு விஞ்ஞானியின் படிப்பு முடிந்துவிடுவதில்லை. பெரும்பாலும் அதன் பிறகு இரண்டு மூன்று ஆண்டுகள் வேறொரு ஊரிலோ, வேறொரு தேசத்திலோ தற்காலிக வேலையில் சேர்ந்து ஆராய்ச்சி செய்வார்கள். ஆசாரியிடம் தொழில் கற்றவன் வெளியூர்ப் பட்டறையில் வேலை செய்து கை பழகுவதைப் போன்றது இது. வான் டி ஹுல்ஸ்டும் அமெரிக்காவில் உள்ள யெர்க்ஸ் வான ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய், பட்டத்துக்குப் பிந்திய ஆராய்ச்சியைச் செய்தார். 1948-ல் தாய்நாடு திரும்பினார்.

இதற்கிடையே ஹாலந்தில் ஊர்ட் சும்மா இருக்கவில்லை. ஜெர்மானியர் விமானங்களைக் கண்டுபிடிக்க வைத்திருந்த பெரிய கிண்ணக் கருவி ஒன்று யுத்தம் முடிந்தபின் கிடைத்தது. அதன் அகலம் ஏழரை மீட்டர். கூட்விக் என்ற இடத்தில் அதை வைத்து ஒரு சாண் அலையைத் தேடத் தொடங்கினார்கள். யுத்தக் கருவி அறிவு தேடும் கருவியாயிற்று!

ஆனால் 1950-ல் விபத்து நேர்ந்தது. தீப்பிடித்து, அலையை வாங்கும் கருவி எரிந்து நாசமாயிற்று. பல நாள் உழைப்பு சாம்பலாகிவிட்டது. முல்லர் என்ற இளம் என்ஜினீயர் வந்து சேர்ந்தார். முதலிலிருந்து மீண்டும் கட்டத் தொடங்கினார்.

500 டாலர் கூம்பு

அதே சமயம் அமெரிக்காவில் யூவன் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். எட்வர்டு பர்செல் என்ற பேராசிரியர் அவருக்கு ஆசிரியர். ஒரு சாண் அலையைத் தேடிப் பார்க்கலாம் என்று இருவரும் தீர்மானித்தார்கள்.

பெரிய கிண்ணக் கருவி அவர்களிடம் இல்லை. பணமும் இல்லை. ஒரு விஞ்ஞானக் கழகத்திடம் கேட்டார்கள். 500 டாலர் கிடைத்தது. ஒட்டுப் பலகையை அறுத்துக் கூம்பு செய்தார்கள். உள்பக்கம் செப்புத் தகடு அடித்தார்கள். ஜன்னலில் பொருத்தினார்கள். தேவையான மற்றக் கருவிகள் பலவற்றை இரவல் வாங்கினார்கள். யூவனுக்குப் பகலில் வேறு வேலை இருந்தது. இரவிலும் விடுமுறை நாளிலும்தான் இந்த வேலை.

கூம்பின் வாய் வானத்தைப் பார்த்திருந்தது. அதனால் மழை பெய்தபோது அது புனல்போலத் தண்ணீரை வாங்கி அறைக்குள் கொட்டியது! பனிக்காலத்தில் கீழே போகும் மாணவர்கள் சும்மா போவார்களா? பனியை உருட்டிக் கூம்புக்குள் குறிபார்த்து எறிந்து விளையாடினார்கள்!

அலை கிடைக்கும் என்று யூவனுக்கே அவ்வளவு நம்பிக்கை இல்லை. கிடைக்காவிட்டால், "இந்த அளவுக்குத் தேடினேன், இல்லை" என்று எழுதிப் பட்டம் வாங்கலாம் என்றுதான் எண்ணியிருந்தார்.

ஆனால் தேடிய முறையில் ஒரு சாமர்த்தியம் இருந்தது. ரேடியோப் பெட்டியில் முள்ளைத் திருப்பிப் பாட்டுக் கேட்டவர்களுக்கு அது எளிதில் விளங்கும். நிலையம் உள்ள இடத்திலும் இரைச்சல் உண்டு. நிலையம் இல்லாத இடத்திலும் இரைச்சல் உண்டு. இரண்டு இடத்தையும் மாறி மாறிக் கேட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துவிட்டால் இரைச்சல் போய்விடும். நிலையத்தின் பாட்டு மட்டும் மிஞ்சும். யூவனின் கருவி இந்த மாற்றலையும் கழித்தலையும் ஓயாமல் செய்தது.

கூம்பை வானத்தில் திருப்ப முடியாது. அது ஜன்னலோடு ஜன்னலாக நின்றது. ஆனால் பூமி சுழல்கிறதே! பூமி சுழலச் சுழலப் பால்வீதி தானாகவே கூம்பின் எதிரே வந்தது. முள் மேலே ஏறியது. ஒரு சாண் அலை கிடைத்துவிட்டது!

கதவைச் சாத்தவில்லை

இப்போது யூவனும் பர்செல்லும் என்ன செய்திருக்கலாம்? உடனே பத்திரிகைக்கு எழுதி, "நாங்களே முதல்" என்று முரசு கொட்டியிருக்கலாம். விஞ்ஞானத்தில் யார் முதலில் என்பது சிறிய விஷயம் அல்ல. பெயரும் புகழும் வேலையும் அதைப் பொறுத்தே வரும்.

தற்செயலாக வான் டி ஹுல்ஸ்ட் அப்போது அதே ஹார்வர்டு பல்கலைக் கழகத்துக்கு விருந்தினராக வந்து பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ஏழு ஆண்டுகளுக்கு முன் யுத்தத்தின் நடுவில் எந்த அலையைச் சொன்னாரோ, அதே அலை, அவர் இருக்கும் ஊரிலேயே வேறொருவர் கையில் கிடைத்துவிட்டது. அவருடைய நண்பர்களோ ஹாலந்தில் எரிந்துபோன கருவிக்குப் பதில் இன்னொன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

பர்செல் கதவைச் சாத்தவில்லை. கருவியின் ரகசியத்தை, அதாவது மாற்றிக் கழிக்கும் அந்த முறையை, ஹாலந்துக்காரர்களுக்குத் தெரிவித்தார்கள். அது அங்கே பயன்பட்டது. மே மாதம் 11-ந் தேதி முல்லரும் ஊர்ட்டும் அலையைப் பிடித்தார்கள்.

ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு விஞ்ஞானியும் அப்போது ஹார்வர்டில் இருந்தார். அவர் மூலம் சிட்னி நகருக்கும் செய்தி போயிற்று. அங்கே கிறிஸ்டியான்சன், ஹிண்ட்மன் என்ற இருவர் அவசர அவசரமாக ஒரு கருவியை ஒட்டவைத்தார்கள். ஜூலை மாதத்துக்குள் அவர்களும் அலையைக் கேட்டுவிட்டார்கள். சிட்னியின் தலைமை ஆராய்ச்சியாளர் பாஸி, "நாங்களும் கண்டோம்" என்று தந்தி கொடுத்தார்.

1951-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி 'நேச்சர்' என்ற விஞ்ஞானப் பத்திரிகை வெளிவந்தது. அமெரிக்கர்களின் கட்டுரை, அதை அடுத்து ஹாலந்துக்காரர்களின் கட்டுரை, அதன்பின் ஆஸ்திரேலியத் தந்தி. மூன்றும் ஒரே இதழில்!

மூன்று கண்டங்களில் மூன்று கருவிகள் ஒரே விடையைச் சொன்ன பிறகு யார் சந்தேகப்பட முடியும்? பகிர்ந்துகொண்டதால் யூவனின் புகழ் குறையவில்லை. அவருடைய கண்டுபிடிப்புத்தான் உறுதிப்பட்டது.

பர்செல்லுக்கு மறு ஆண்டே, 1952-ல், நோபல் பரிசு கிடைத்தது. அது இந்தக் கண்டுபிடிப்புக்காக அல்ல. அணுக்கருவின் காந்தத் தன்மையைப் பற்றி அவர் செய்த வேறு ஆராய்ச்சிக்காக. இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் எம்.ஆர்.ஐ. படம் எடுக்கிறார்களே, அதற்கு அந்த ஆராய்ச்சியே அடிப்படை. அங்கேயும் அதே ஹைட்ரஜன்தான், அதே பம்பரம்தான். நம் உடம்பில் உள்ள ஹைட்ரஜன்!

தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தார்கள்

அதன் பிறகு வானத்தின் இருட்டு மெல்ல மெல்ல விலகியது.

ஹாலந்தில் அந்தப் பழைய கிண்ணத்தைக் கையால் சுற்றித் திருப்பி, இரவு பகலாக அலையை அளந்தார்கள். சிட்னியிலும் அளந்தார்கள். இரண்டையும் சேர்த்து 1958-ல் பால்வீதியின் வரைபடத்தை வெளியிட்டார்கள். தண்ணீரில் சுழி விழும்போது கைகள்போல வளைந்து நீளுமே, பால்வீதியின் வாயுவும் அப்படி வளைந்த கைகளாகப் பரவியிருப்பது தெரிந்தது.

ஆனால் நட்சத்திரம் பிறக்கும் இடத்துக்கு அருகே போனால் ஒரு புதிய தொல்லை. மேகம் மிகவும் அடர்ந்து குளிர்ந்த இடத்தில் ஹைட்ரஜன் அணுக்கள் தூசியின்மீது ஒட்டி, ஜோடி ஜோடியாகச் சேர்ந்துவிடும். ஜோடி சேர்ந்த ஹைட்ரஜன் ஒரு சாண் அலையை அனுப்பாது. கருவறை வாசலில் வந்ததும் குரல் நின்றுவிட்டது!

1970-ல் அதற்கும் வழி பிறந்தது. வில்சன், ஜெப்பர்ட்ஸ், பென்சியாஸ் என்ற மூவர் அமெரிக்காவில் கிட் பீக் மலைமேல் உள்ள கருவியைக் கொண்டு, முன்னே சொன்ன மார்கழி வானத்துத் தொட்டிலைப் பார்த்தார்கள். கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவின் அலை கிடைத்தது. மூடிய அறையில் கரி அடுப்பை எரித்தால் ஆளையே கொன்றுவிடும் அதே விஷ வாயு! வானத்திலோ அது வழிகாட்டி. அது எங்கே இருக்கிறதோ, அங்கே ஜோடி ஹைட்ரஜனும் இருக்கிறது. நட்சத்திரம் பிறக்கும் மேகங்களை அதைக் கொண்டுதான் இன்று வரைபடம் போடுகிறார்கள்.

இந்தியாவுக்கு வந்த கிண்ணங்கள்

1951-ல் தந்தி கொடுத்த பாஸியை நினைவிருக்கிறதா? 1953-ல் இந்தியாவிலிருந்து இரண்டு வாலிபர்கள் பயிற்சிக்காக அவரிடம் போனார்கள். ஒருவர் கோவிந்த் ஸ்வரூப். மற்றவர் கோடைக்கானல் வான ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பார்த்தசாரதி.

சிட்னியில் ஆறடி அகலக் கிண்ணங்கள் 32 இருந்தன. சூரியனை ஆராய்வதற்காகக் கிறிஸ்டியான்சன் அமைத்தவை. ஸ்வரூப்பும் பார்த்தசாரதியும் அவற்றில் வேலை பழகினார்கள். அங்கே அவற்றின் தேவை முடிந்ததும், "இவற்றை இந்தியாவுக்குத் தாருங்கள்" என்று ஸ்வரூப் கேட்டார். பாஸி சம்மதித்தார். இனாமாகவே கொடுத்துவிட்டார்கள்! 1965-ல் அந்தக் கிண்ணங்கள் பம்பாய்க்கு அருகே கல்யாண் என்ற இடத்தில் நின்று சூரியனை நோக்கின.

அதோடு ஸ்வரூப் நிற்கவில்லை. 1970-ல் நீலகிரியில் ஊட்டிக்கு அருகே, மலைச் சரிவிலேயே 530 மீட்டர் நீளமுள்ள ரேடியோ தொலைநோக்கியை அமைத்தார். அதன்பின் புனாவுக்கு வடக்கே கோடாட் கிராமத்தில், ஒவ்வொன்றும் 45 மீட்டர் அகலமுள்ள 30 பெரிய கிண்ணங்கள் எழுந்தன. வெகு தூரத்து ஹைட்ரஜனின் குரலைக் கேட்க வேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் முக்கிய நோக்கங்களில் ஒன்று. ஸ்வரூப் 2020-ல் காலமானார்.

சாண் முழமானது!

2023-ம் ஆண்டு ஜனவரியில் ஒரு செய்தி வந்தது.

அர்ணாப் சக்கரவர்த்தி என்ற இந்திய வாலிபர் கனடாவில் மெக்கில் பல்கலைக் கழகத்தில் பட்டத்துக்குப் பிந்திய ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அன்று வான் டி ஹுல்ஸ்ட் அமெரிக்காவில் இருந்த அதே நிலை. அவரும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் நிருபம் ராயும், கோடாட் கிண்ணங்கள் வாங்கிய அலைகளை ஆராய்ந்தார்கள். வெகு தூரத்தில் உள்ள ஒரு நட்சத்திர மண்டலத்தின் ஹைட்ரஜன் அலை அதில் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள்.

அந்த அலை புறப்பட்டு 880 கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன! அது கிளம்பியபோது பூமி இல்லை, சூரியனே இல்லை. தனி ஒரு நட்சத்திர மண்டலத்தின் வாயு அனுப்பிய அலை அதற்கு முன் இவ்வளவு தூரத்திலிருந்து பிடிபட்டதில்லை.

புறப்படும்போது அது ஒரு சாண் அலைதான். ஆனால் வழியெல்லாம் அண்டம் விரிந்துகொண்டே இருந்தது. அதோடு சேர்ந்து அலையும் நீண்டது. கோடாட் கிராமத்தை வந்து அடைந்தபோது அதன் நீளம் சுமார் 48 சென்டிமீட்டர். ஒரு முழத்துக்கும் சற்று அதிகம்!

இவ்வளவு மெல்லிய அலை கேட்டது எப்படி? நடுவழியில் வேறொரு நட்சத்திர மண்டலம் இருந்தது. பூதக்கண்ணாடி வெயிலை ஒரு புள்ளியில் குவிப்பதைப்போல, அதன் ஈர்ப்புச் சக்தி அலையை வளைத்துக் குவித்தது. அலையின் பலம் சுமார் 30 மடங்கு பெருகியது.

அந்தத் தூரத்து மண்டலத்தில், நட்சத்திரங்களின் எடையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஹைட்ரஜன் வாயு இருப்பது தெரிந்தது. அதாவது, பிறந்த நட்சத்திரங்களைவிடப் பிறக்கக் காத்திருந்த பொருள்தான் அங்கே அதிகம்.

இப்படி ஆராய்ச்சி செய்யும் வாலிபர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு வேலை. அது முடிந்தால் வேறு ஊர். பெற்றோர் ஓர் இடம், பிள்ளை ஓர் இடம். "இத்தனை படித்தும் இன்னும் நிலையான வேலை இல்லையா?" என்று ஊரில் கேட்பார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் விடையோ ஒரு காகிதத்தில் சற்று மேலே ஏறிய ஒரு கோடு. ஆனால் அந்தக் கோட்டிலிருந்துதான், நமக்கு வெளிச்சம் தரும் சூரியன் எங்கிருந்து வந்தது என்பதை மனிதன் தெரிந்துகொண்டான்.

யூவனின் மரக் கூம்பை எறிந்துவிடவில்லை. அமெரிக்காவில் கிரீன் பேங்க் என்ற இடத்தில் உள்ள ரேடியோ வான ஆராய்ச்சி நிலையத்தில் அதைக் காட்சிக்கு வைத்தார்கள். மழைத் தண்ணீரும் பனி உருண்டையும் விழுந்த அதே கூம்பு!

அடுத்த மார்கழியில் ஓர் இரவு, குழந்தைகளை அழைத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போங்கள். அந்த மூன்று நட்சத்திரங்களைக் காட்டுங்கள். கீழே தெரியும் புகை வெளிச்சத்தையும் காட்டுங்கள். "அங்கே இப்போதும் நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கின்றன" என்று சொல்லுங்கள். அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று குழந்தை கேட்டால், ஜன்னலில் வைத்த கூம்பின் கதையைச் சொல்லுங்கள். கதவைச் சாத்தாத அந்த ஆசிரியரின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.